என் கையும் தம்பியின் வயிறும்

என் தம்பிக்கு வயிறு கெட்டது என் வீட்டில் சாப்பிட்ட பிறகுதான். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் வாயால் கேட்பதைவிட அது கொஞ்சம் தேவலை.

சுங்கைப் பட்டாணியில், பாக்கார் ஆராங்கில் எனக்கு ஒரு வரிசை வீடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வக்கீல் ஆபீஸில் கிராணி வேலை, கடிதமும் கணக்கும் எழுதுவது. அம்மா இறந்தபோது தம்பி ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அவனுக்குக் கல்யாணம் ஆகும்வரை அக்கா என் கைச் சோறுதான். "பசியாறிட்டியா?" என்று நான் கேட்காத நாள் கிடையாது. இப்போது அவன் மனைவியோடு கூலிமில் இருக்கிறான். மின்னணுச் சில்லுகள் செய்யும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, போக வரக் கம்பெனி பஸ்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு நெய்ச்சோறும் கோழிப் பெரட்டலும் செய்தேன். காலைப் பூசைக்குப் போகும் முன்பே பெரட்டலை இறக்கி மூடி வைத்துவிட்டுப் போனேன். வருடா வருடம் அப்படித்தான். எல்லோரும் சாப்பிட்டார்கள். தம்பிக்கு மட்டும் மறுநாள் வாந்தி, பேதி, காய்ச்சல். காய்ச்சல் சீக்கிரமே விட்டது. வயிறு மட்டும் பழையபடி திரும்பவே இல்லை.

மாதக்கணக்கில் இழுத்தது. சாப்பிட்டால் முறுக்கும், கழிவறைக்கு ஓடுவான். சில நாள் கல்லாகக் கட்டிக்கொள்ளும். வேலை பார்க்கும் இடத்தில் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு போட்டிருக்க வேண்டும். அதைக் கழற்றி, வெளியே போய், மறுபடி மாட்டிக்கொண்டு வருவதற்குள் சூப்பர்வைசர் முகம் கறுத்துவிடுமாம். அதனால் வேலை நாளில் பட்டினி கிடக்க ஆரம்பித்தான். குழாய் விட்டுப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் நன்றாக இருந்தது. குடலில் ஒன்றுமே இல்லை என்று கேட்டு ஒரு மனிதன் அழுததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

ஒன்றுமே இல்லை என்று டாக்டர் சொன்னால், வேறு ஏதோ இருக்கிறது என்றுதான் நம் சனத்துக்குக் காதில் விழும். யாரோ மருந்து வைத்திருக்கிறார்கள் என்றார்கள் தம்பி மனைவியின் வீட்டார். வேண்டாதவர்கள் சோற்றில் எதையோ கலந்து கொடுத்துவிடுவார்களாம். அது வயிற்றுச் சுவரில் ஒட்டிக்கொண்டு வளருமாம். தெரிந்தவர் உறிஞ்சி எடுத்தால்தான் போகுமாம். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற குடும்பங்கள்தான் நாங்களெல்லாம். இந்த விஷயத்தை மட்டும் ஃபாதரிடம் சொல்ல மாட்டோம்.

"அக்கா, நீ காடிய எடு. என்னால பைக் ஓட்ட முடியாது," என்றான் தம்பி. கூலிமுக்கு வெளியே ஒரு பழைய தோட்டத்தில் மருந்து எடுப்பவர் ஒருவர் இருக்கிறாராம். நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனால் அவன் பெல்ட் கடைசி ஓட்டையில் போட்டும் இடுப்பில் நிற்கவில்லை. வாயை மூடிக்கொண்டு காரை எடுத்தேன்.

கித்தா என்கிற ரப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய்க்குச் செம்பனை நட்டுவிட்ட தோட்டம் அது. நல்ல பகலிலேயே செம்பனைக்கு அடியில் வெளிச்சம் இல்லை. தோட்டத் தொழிலாளர்கள் இருந்த லயத்து வீடுகளில் பாதிக்குக் கதவு கிடையாது. ஒரே ஒரு வீட்டில் மட்டும் ஆள் இருந்தது. மருந்து எடுப்பவர் ஏறக்குறைய என் வயதுக்காரர், பனியன் போட்டவர். கைத்தொலைபேசியில் யாரிடமோ பேசிக்கொண்டே எங்களை உட்காரச் சொன்னார். பிறகு தம்பியைப் பாயில் படுக்கவைத்து, தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைக் குழலை வைத்து உறிஞ்சினார். ஈரமான, அவசரமில்லாத அந்தச் சத்தம் இன்றும் எனக்குக் கேட்கிறது. கடைசியில் ஒரு தட்டில் துப்பினார். சுண்டைக்காய் அளவில் கறுப்பாக ஒன்று விழுந்தது. அதைச் சுற்றி நீளமாக ஒரு முடி இருந்தது.

"ரொம்ப நாளா வயித்துல கெடந்திருக்கு, தம்பி. இது வெளியாள் கை இல்ல. கூடப் பொறந்த கை."

அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் யார் என்று கேட்கவும் இல்லை. தம்பிதான் என்னைப் பார்த்தான். எங்கள் இருவருக்கும் வேறு கூடப் பிறந்தவர்கள் கிடையாது. அப்போது எனக்கு இடுப்புவரை பின்னல். என்னையும் அறியாமல் அதை முன்னால் இழுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன்.

"போகலாம்லா," என்றான். வரும்போது எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன், திரும்பும்போது பின் சீட்டில் ஏறிக்கொண்டான். படுக்க வேண்டுமாம்.

இதில் கொடுமை என்னவென்றால் அவனுக்குக் குணமாகிவிட்டது. மறுவாரமே கடையில் காரமான மீ கோரேங் நூடுல்ஸ் சாப்பிட்டதாகக் கேள்விப்பட்டேன். என் வீட்டுப் பக்கம் மட்டும் வரவில்லை. போன் பண்ணினால் "ஷிப்ட்டு இருக்குக்கா" என்பான். அடுத்த கிறிஸ்துமஸுக்கும் ஷிப்ட். நான் கோபக்காரி, ஆபீஸில் வக்கீலே என்னிடம் பார்த்துத்தான் பேசுவார். ஆனால் இவனிடம் எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. மருந்து எடுத்த அந்த ஆள் உருண்டையை முன்பே வாயில் அடக்கி வைத்திருப்பான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், கோழி வெட்டும்போது என் கையையே பார்த்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தேன். மூடி வைத்துவிட்டுப் போன பெரட்டல் ஞாபகம் வரும். இந்தக் கை எனக்குத் தெரியாமல் ஏதாவது செய்திருக்குமோ என்று தோன்றும். தனியாக வீட்டில் இருக்கிறவளுக்கு இந்த மாதிரிக் கேள்வி நல்லதல்ல. பின்னலை வெட்டிவிட்டேன். ஆபீஸில் கேட்டவர்களிடம் வெயில் தாங்கவில்லை என்றேன்.

ஒருநாள் தம்பி மனைவி போன் பண்ணினாள். அவனுக்கு வலி திரும்பிவிட்டது.

"அண்ணி, ஒன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. நேத்து பாக்கார் ஆராங் வழியா எங்கம்மா வீட்டுக்குப் போனோம். நான்தான் ஓட்டுனேன். அவரு நல்லா தூங்கிட்டாரு. உங்க வீட்டு முனை வந்ததும் தூக்கத்துலயே வயித்த இறுக்கிப் புடிச்சிக்கிட்டாரு. தாண்டுனதும் கை தானா எறங்கிடுச்சு. கண்ணத் தொறக்கவே இல்ல."

"திரும்பி வர்றப்ப?"

"அதே எடத்துல, அதே மாதிரி."

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. பயந்து போயிருந்தாள். நானும் பயந்தேன். எதற்கென்று கேட்டால், என்னை நினைத்துத்தான். அந்தக் குழல்காரரிடம் இனிப் போகக் கூடாது என்று அவளே சொன்னாள். அலோர் ஸ்டாரில் இதற்கென்று ஒரு டாக்டர் இருக்கிறாராம், நானும் கூட வர வேண்டுமாம்.

டாக்டர் ஒரு மலாய்ப் பெண், சின்ன வயது. குழல், உருண்டை, முடி, தூக்கத்தில் வயிற்றுக்குப் போன கை எல்லாவற்றையும் கேட்டார். சிரிக்கவில்லை. வயிற்றைப் படம் போட்டு விளக்குவார் என்று நினைத்தேன். தாளை எடுத்து ஒரு தலையை வரைந்தார்.

இதற்கு ஐபிஎஸ், அதாவது எரிச்சல் குடல் நோய் என்று பெயர் என்றார். அன்றைக்கு ஏதோ ஒரு கிருமி உள்ளே போயிருக்கலாம். சாப்பாட்டிலா, ஐஸ் தண்ணீரிலா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. கிருமி எப்போதோ ஒழிந்துவிட்டது. ஆனால் குடலும் மூளையும் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பவை. இந்த நோய் உள்ளவர்களுக்குக் குடல் லேசாக முனகினாலும் மூளை அதைக் கூச்சலாகக் கேட்கிறது. இப்படிப்பட்ட பலருடைய மூளையைப் படம் எடுத்து, நோய் இல்லாதவர்களுடைய மூளையோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். வலியை உணர்கிற, வலியை அடக்குகிற இடங்களில் மாற்றம் தெரிகிறது. சில இடம் மெலிந்தும் சில இடம் தடித்தும் இருக்கிறது. நோயால் மூளை மாறியதா, மாறிய மூளையால் நோய் வந்ததா என்பது இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. ஒரு தனி ஆளின் படத்தை வைத்து இதோ பார் என்று காட்டவும் முடியாது. ஆனால் வலி வரப்போகிறது என்று எதிர்பார்த்தாலே போதும், அந்த இடங்கள் விழித்துக்கொள்ளும்.

"அப்ப எல்லாம் என் நெனப்புதானா?" என்று தமிழில் எங்களிடம் கேட்டான் தம்பி. நான் மலாயில் டாக்டரிடம் கேட்டேன். மூளையும் உடம்புதான், வலி நிஜம் என்றார். குழல் வைத்ததும் குணமானது ஏன் என்றேன். காவலுக்கு நின்ற மூளை, ஆபத்து போய்விட்டது என்று கொஞ்ச நாள் நம்பியிருக்கும் என்றார். தூக்கத்தில் வலித்ததற்கு மட்டும் சற்று யோசித்தார். முனையில் வேகத்தடை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. தூங்குகிறவருக்கும் அது தெரியலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

தம்பிக்கு முகம் தெளிந்துவிட்டது. அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. குழல்காரர் வயிற்றில் என்றார், இவர் தலையில் என்கிறார். என் வீட்டுச் சாப்பாடு அவனுக்குள் எங்கேயோ இன்னும் இருக்கிறது என்பதில் இருவருக்கும் பேதமில்லை. வயிற்றில் இருந்தாலாவது உறிஞ்சி எடுக்கலாம்.

மாத்திரை கொடுத்தார்கள், மூச்சுப் பயிற்சி கொடுத்தார்கள். பயப்படுகிற இடத்தை விட்டு ஓடாமல் மெல்ல மெல்லப் பழகச் சொன்னார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி வர ஆரம்பித்தான். முதலில் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டுப் போனான். சட்டைக்குள்ளே வயிறு உறுமுவது ஜன்னலில் நின்ற எனக்குக் கேட்டது. வளர்த்தவள் வீட்டைப் பார்த்து அவன் உடம்பு உறுமுகிறதே என்று உள்ளே போய் அழுதேன். பிறகு ஹால் வரை வந்தான். பிறகு தண்ணீர் குடித்தான்.

போன மாதம் ஒரு பையில் கோழியோடு வந்தான்.

"இன்னிக்கு நான் சமைக்கிறேன்கா. உன் அடுப்புல, உன் சட்டியில. நீ ஒக்காரு."

சின்ன வயதில் என் பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறான். என்னுடைய அதே பெரட்டல், அதே வாசம். முதலில் அவன் சாப்பிட்டான். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்கலங்கிச் சிரித்தான். பிறகு எனக்குத் தட்டு வைத்து, சோறு போட்டு, பெரட்டலை அள்ளி வைத்தான். அவன் கட்டைவிரல் என்னுடையதைப் போலவே தட்டையாக இருப்பதை அன்றுதான் கவனித்தேன்.

ஒரு கவளம் எடுத்தேன். அது வாய்க்கு வரவில்லை. அதற்குள் என் அடிவயிற்றில் ஏதோ மெதுவாக முறுக்கியது. அவன் சொல்லிக் கேட்டிருக்கிறேன், எனக்கு வந்ததில்லை. என் தம்பி கைச் சோற்றைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது. முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன். அவன் என் இன்னொரு கையைப் பார்த்தான். அது வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"மெதுவா சாப்பிடுக்கா," என்றான். "மொதல்ல அப்படித்தான் இருக்கும்."