நீவெஸ் போட்ட முடிச்சு

என் முதல் படம் ஒரு குறுநாவலிலிருந்து எடுத்த போர்க்காலக் கதை. 1945இல் வெனிஸில் ஒரு பெரிய அதிகாரியின் மனைவி ஜெர்மன் லெப்டினன்ட் ஒருவனிடம் மயங்கி எல்லாவற்றையும் தொலைக்கிறாள். பாதிப் படம் படுக்கையில்தான். அந்த மனைவி நான்.

உடைப் பிரிவில் நீவெஸ் இருந்தார். வெனிஸை ஒட்டிய ஜூதெக்கா தீவுக்காரர். குட்டை உருவம், கால்வாய்க்கு அக்கரையிலும் கேட்கும் குரல். நாடகக் கொட்டகையில் ராணிகளுக்குப் பாவாடை தைத்தே பிள்ளைகளை வளர்த்தவர். கதையைப் படித்துவிட்டு, “போர் முடியறப்ப எனக்குப் பத்தொன்பது வயசு. குளிக்க சோப்பு கிடையாது. இவளுக்குப் பட்டு விரிப்பு கேக்குதாக்கும்!” என்று நொடித்தார்.

படுக்கைக் காட்சிகளில் அவருக்கு ஒரே வேலை. டைரக்டர் “ஸ்டாப்” என்றதும் அங்கியோடு வந்து என்னைப் போர்த்த வேண்டும். அந்த வார்த்தை முடிவதற்குள் அங்கி என் தோளில் இருக்கும்.

ஒருநாள் முதலாளி சுலியானி, சாப்பிட்டுக் குடித்துவிட்டு இரண்டு நண்பர்களோடு வந்து காமெராவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வேடிக்கை பார்க்கத்தான். எனக்கு உடம்பு கூசியது. நான் புதுமுகம், வாய் திறந்தால் என் இடத்துக்கு வேறொருத்தி வந்துவிடுவாள். டைரக்டரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீவெஸ் வந்து அங்கியை எனக்குக் கழுத்துவரை மூடி, இடுப்பில் இரட்டை முடிச்சுப் போட்டார். செருப்புக் காலோடு அந்தப் பட்டு விரிப்பில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

“சியோரா, இறங்குங்கம்மா, நேரமாகுது” என்றார் டைரக்டர்.

“அந்த நாற்காலிக்காரங்க எழுந்ததும் நானும் எழுந்துக்கறேன்.”

சுலியானிக்கு முகம் சிவந்தது. “படத்துக்குப் பணம் போட்டவன் நான்!”

“படத்துக்குத்தானே போட்டீங்க? படம் வந்ததும் பாருங்க. கூட வந்தவங்க டிக்கெட் எடுத்துப் பாக்கட்டும்.”

மேலே விளக்குப் பிடித்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

“நாளையிலேருந்து நீ வரவேணாம்” என்றார் சுலியானி.

“நாளைக்குத்தானே? இன்னைக்கு நான் இருக்கேன்ல!”

சுலியானியும் நண்பர்களும் எழுந்து போனார்கள், நீவெஸும் இறங்கினார். காட்சி முடிந்தது. ஆனால் மறுநாள் அங்கியோடு வேறொருத்தி நின்றாள்.

எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ! அங்கியை வாங்கி மாட்டி, நீவெஸ் போட்டதுபோலவே இரட்டை முடிச்சுப் போட்டுக்கொண்டு, “நீவெஸ் வராம நான் இந்த முடிச்சை அவுக்க மாட்டேன்” என்றேன். கெஞ்சினார்கள், மிரட்டினார்கள், என் ஊர் ரொவீகோவுக்கே திருப்பி அனுப்புவதாகச் சொன்னார்கள். உட்கார்ந்த இடத்தைவிட்டு நான் நகரவில்லை. எடுத்தவரை எல்லாவற்றிலும் என் முகம் இருந்தது. கணக்குப் பார்த்த சுலியானி ஒருவழியாக இறங்கிவந்தார். டைரக்டரே படகெடுத்துத் தீவுக்குப் போனார்.

நீவெஸ் பாதித் தலையில் சாயத்தோடு வந்தார். “சாயம் காயறதுக்குள்ள என்னய்யா அவசரம் உங்களுக்கு?” என்று எல்லோரையும் திட்டினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அடி பொண்ணே, நீயா இத்தனையும் பண்ணின?” என்று கன்னத்தைக் கிள்ளினார். நான் அழுதுவிட்டேன். என்னைப் பெற்றவளுக்கு அடுத்து நான் கடன்பட்டிருப்பது அவருக்குத்தான்.

டைரக்டர் அவரிடம் பவ்யமாகக் கேட்டார்: “சியோரா நீவெஸ், இப்ப ஆரம்பிக்கலாமா?”

“என்னை ஏன் கேக்குறீங்க? அவளைக் கேளுங்க.”

அவர் என் பக்கம் திரும்பிக் கேட்டார். அந்தப் படத்தில் என்னை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.