பாவாத்தாள் குடித்த தண்ணீர்

பாவாத்தாள் பாதி ஆயுளை ஆர்.எஸ்.புரத்து வீடுகளில் பாத்திரம் துலக்கியே கழித்தவள். அத்தனை பேர் எச்சிலும் அவள் கையில் பட்டிருக்கிறது. ஆனால் போத்தனூரில் தன் வீட்டில் அவள் சாப்பிட்ட தட்டை இன்னொருத்தி தொடக்கூடாது. அப்படி ஒரு வீம்பு.

மகள் அன்புச்செல்வி நகைக்கடையில் பில் போடுகிறாள். காலையில் போனால் இருட்டித்தான் திரும்புவாள். அம்மாவுக்கு அடிக்கடி தலைசுற்றல் வரவும், பகலில் துணைக்கு ஓர் ஆள் வைக்கலாம் என்றாள்.

"எனக்கு எதுக்கு கண்ணு ஆளு? கைகால் வெளங்காமயா கெடக்கறேன்?"

"உழுந்துபோட்டா ஆருங்கம்மா தூக்குவா?"

"உழுந்தாப் பாத்துக்கலாம், போ."

மகள் கெஞ்சினாள், கோபித்துக்கொண்டாள், சில நாள் பேசாமலும் இருந்து பார்த்தாள். கடைசியில் கேட்காமலே காளியாத்தாள் என்ற பெண்ணை வேலைக்கு வரச் சொல்லிவிட்டாள். பாவாத்தாள் வாயே திறக்கவில்லை. அம்மா மனசு மாறிவிட்டாள் என்று அன்புச்செல்வி நிம்மதியாகத் தூங்கினாள். பெற்ற தாயைத் தெரிந்திருந்தும் நம்பினாளே, அவளைச் சொல்ல வேண்டும்.

காளியாத்தாள் வருமுன்பே கிழவி பாத்திரம் துலக்கி, துணி அலசி, வாசல் கூட்டி முடித்துவிடுவாள். வந்தவளுக்குக் காபி வேறு. "உக்காருங்க அம்மணி, வேல ஒண்ணுமில்லீங்க" என்பாள். அப்படித் துலக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு போயிற்று. ஆபரேஷன் செய்தும் எழுந்து நிற்க முடியவில்லை.

அதன்பிறகு எல்லாமே படுக்கையில்தான். காளியாத்தாள் துணி மாற்றும்போதெல்லாம் பாவாத்தாள் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை இறுக மூடிக்கொள்வாள்.

கொஞ்ச நாளில் உடம்பு வற்றியது. உதடு வெடித்தது, பேச்சு குழறியது. உள்ளே தண்ணீரே போகவில்லை, இப்படியே விட்டால் ஆள் தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்புச்செல்வி லீவு போட்டுவிட்டு டம்ளரும் கையுமாக உட்கார்ந்தாள்.

"ஏனுங்கம்மா குடிக்க மாட்டேங்கறீங்க?"

"குடிச்சா ஒண்ணுக்கு வருமே கண்ணு. பாவம், அந்தப் புள்ளதான தொடைக்கோணும்?"

"அவுங்க அதுக்குத்தானுங்கம்மா வர்றாங்க."

"நானும் பெரிய ஊட்டுல ஒரு பாட்டிக்குத் தொடச்சவதான். தொடைக்கறவ மனசுல என்ன ஓடுமுன்னு எனக்குத் தெரியும்."

அன்புச்செல்விக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "அப்ப என்னையத் தனியா உட்டுப்போட்டுப் போயிருவீங்க, அப்படித்தானுங்களே?"

வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த காளியாத்தாள் உள்ளே வந்தாள். அவளுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"ஏனுங்க ஆத்தா, நீங்க போயிட்டீங்கன்னா எனக்கு இந்த வேல இல்லீங்க. நான் வேற ஊடு தேடோணும்."

வேலை போவதென்றால் என்னவென்று பாவாத்தாளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று எத்தனை வீட்டில் நிறுத்தியிருக்கிறார்கள். மகள் நீட்டிய டம்ளருக்கு வாயைத் திறந்தாள். டம்ளர் காலியாயிற்று.

சாயங்காலம் படுக்கை நனைந்தது. காளியாத்தாள் மாற்றுத்துணியோடு வந்து குனிந்தாள். இந்தத் தடவை பாவாத்தாள் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. கைகளைத் தூக்கிக் கும்பிட்டாள்.

"மன்னிச்சுப்போடுங்க அம்மணி. தெரியாம ஆயிருச்சுங்க."

அன்புச்செல்வி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்ன வயதில் அம்மாவோடு வேலை வீடுகளுக்குப் போவாள். பீங்கான் தட்டு கைதவறி உடைந்த அன்று, அம்மா அந்த வீட்டம்மாவிடம் இதே குரலில்தான் இதைச் சொன்னாள்.