கடைசித் துளியருகே

காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கும் என் மகளின் பெயர் அட்டை சிவப்பாகவே தொங்கிக்கொண்டிருந்தது.

ஊரில் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். விஸ்கான்சின் மாநிலத்தில் நாங்கள் குடியிருக்கும் சிற்றூரின் ஓரத்தில் ஒரு காடு இருக்கிறது. மான்கள் பெருகித் தோட்டங்களையும் சாலைகளையும் நிறைத்துவிடுவதால், இலையுதிர்காலத்தில் வட்டார வில்வித்தைச் சங்கத்தாருக்கு அங்கே வேட்டையாட அனுமதி உண்டு. துப்பாக்கி கூடாது, வில் மட்டும்தான். கார்களை நிறுத்தும் இடத்தில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். காட்டுக்குள் போகிறவர் தன் பெயர் அட்டையைச் சிவப்புப் பக்கம் திருப்பிவிட்டுப் போக வேண்டும், வெளியே வந்ததும் பச்சைப் பக்கம். சனிக்கிழமை வேட்டை பத்து மணியோடு முடிந்துவிடும். மற்ற பெற்றோர் காரில் உட்கார்ந்து காபி குடித்தபடி பேப்பர் படிப்பார்கள். பிள்ளை ஒரு மரத்தின் மேல் அம்புடன் உட்கார்ந்திருக்கும்போது பேப்பர் படிக்க எப்படி முடிகிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மலருக்கு அப்போது பதினேழு வயது. பள்ளி ஜிம்மில் விளையாட்டாக வில் பிடித்தவள், சங்கத்தில் சேர்ந்து தேர்வுகள் எழுதி, அந்த வருடம்தான் வேட்டைக்குத் தகுதி பெற்றிருந்தாள். திருவொற்றியூரை விட்டு வரும்போது அவளுக்கு எட்டு வயது. அவளுடைய தமிழும் அந்த எட்டு வயதிலேயே நின்றுவிட்டது. அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டவள் நான்தான்.

பத்தரைக்குள் மற்ற அட்டைகளெல்லாம் பச்சையாகிவிட்டன. சங்கத்தின் சார்பில் அந்தக் காட்டைப் பார்த்துக்கொண்டவர் கார்ல், ஓய்வுபெற்ற தபால்காரர். நான் அவரிடம் ஓடினேன். அவர் பலகையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு சிரித்தார்.

"நல்ல செய்தியாகக்கூட இருக்கலாம். மான் விழக் காத்திருக்கிறாளோ என்னவோ."

"போன் எடுக்கவில்லை."

"எடுக்கக் கூடாது. அணைத்துத்தான் வைத்திருப்பாள். அம்பு பட்ட மான் கொஞ்ச தூரம் போய்ப் படுத்துக்கொள்ளும். சத்தம் கேட்டால் எழுந்து ஓடும். பிறகு கிடைக்காது, எங்கேயோ கிடந்து மெல்லச் சாகும். நாமும் சத்தமில்லாமல் இருப்போம். பதினொன்று வரை பார்த்துவிட்டு நான் மட்டும் போகிறேன்."

அவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அந்தச் சிரிப்பு மட்டும்தான் தெரிந்தது. என்னைச் சும்மா இருக்கச் சொல்கிறார் என்பதும், அந்தச் சிவப்பு அட்டையும்.

நான் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தவள். அங்கேயும் ஒரு பலகை உண்டு. ஒவ்வொரு தொழிலாளிக்கும் எண் பொறித்த பித்தளை டோக்கன். உள்ளே வந்தவர் தன் டோக்கனை எடுத்து வலது பக்கம் மாட்ட வேண்டும். எட்டு பத்துக்குப் பலகையை நான் பூட்டிவிடுவேன், அதற்குப் பிறகு வருகிறவருக்கு அரைநாள் போச்சு. நெட்டுக்குப்பத்திலிருந்து வரும் டெல்லி என்ற தொழிலாளி, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசையில் வாரத்துக்கு இரண்டு நாளாவது சிக்கிக்கொள்வார்.

"அக்கா, லாரிக்காரன் வய்யி வுட்டாத்தானே நான் வர்றதுக்கு? நம்ம டோக்கன மட்டும் கொஞ்சம் கண்டுக்கக்கா" என்பார். அவர் வருவதற்கு முன்பே அவர் டோக்கனை வலது பக்கம் மாட்டிவிடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. எல்லா டைம் ஆபீஸிலும் நடக்கிற உதவிதான். அதைத் தப்பென்று நான் நினைத்ததில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு காலை, எட்டரை மணி சுமாருக்குப் பின்பக்க ஷெட்டில் கேஸ் கசிந்தது. எல்லோரும் ஈரத்துண்டை மூக்கில் பிடித்தபடி கேட்டுக்கு ஓடி வந்தார்கள். ஆட்களை எண்ணினார்கள். டோக்கன் ஒன்று கூடுதலாக இருந்தது. ஃபிட்டர் அந்தோணி அண்ணன் என் ஜன்னலுக்கு வந்து, "இன்னாம்மா, டெல்லி உள்ளயா கீறான்?" என்று கேட்டார். மேனேஜர் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். இல்லை என்று சொன்னால் என் வேலை போய்விடும். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் உள்ளே போய்விட்டார் என்று இத்தனை வருடம் எனக்கே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். அது உண்மையில்லை. திறக்க நேரம் இருந்தது. அந்தோணி அண்ணன் பலகையைப் பார்த்தார், துண்டை நனைத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஒன்பதே காலுக்கு டெல்லி சாப்பாட்டுப் பையோடு வந்து நின்றார். "இன்னாக்கா, கேட்டாண்ட இவ்ளோ கூட்டம் கீது?" அந்தக் குழப்பத்தில் அவர் டோக்கன் எப்படி வலது பக்கம் வந்தது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

அந்தோணி அண்ணன் அன்று சாகவில்லை. நெஞ்சு கெட்டுப்போய், நான்கு படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறவராக இரண்டு வருடம் இருந்து இறந்தார். துக்கத்துக்குப் போன எனக்கு அவர் மனைவி டீ கொடுத்தார். குடித்தேன். சில மாதங்களில் நாங்கள் விமானம் ஏறினோம்.

அதனால்தான் கார்ல் சும்மா இருக்கச் சொன்னபோது என்னால் இருக்க முடியவில்லை. அவர் காரிலிருந்து ஏதோ எடுக்கத் திரும்பிய நேரத்தில் காட்டுக்குள் ஓடினேன். எங்கள் பக்கத்தில் பிள்ளையைக் காணவில்லையென்றால் தெருவே கத்திக்கொண்டு கிளம்பும். கூப்பிடாமல் தேடுவது என்ற ஒன்றை நாங்கள் அறிந்ததில்லை. "மலரூ! அடியே மலரூ! எங்கடி கீற?" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். வருடக்கணக்கில் ஆபீஸ் தமிழ் பேசிய வாயிலிருந்து அந்தக் குரல் எப்படி வந்ததோ. பதில் இல்லை. இன்னும் கத்தினேன். எங்கேயோ சருகுகள் படபடவென்று நொறுங்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

சிறிது நேரத்தில் மலர் மரங்களுக்கிடையில் நடந்து வந்தாள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. முகம் மட்டும் வெளுத்திருந்தது.

"நீ கூப்டது கேட்டுச்சும்மா. மொதல் தபாவே கேட்டுச்சு."

"ஏன்டி பதில் சொல்லல?"

"அது என் மரத்துக்குக் கீயேதான் படுத்துகினு இருந்துச்சு. அம்பு வயித்துல பட்டுச்சு, சரியாப் படல. நான் எறங்கினாலே ஓடிடும். ரெண்டு மணி நேரமா அசையாம உக்காந்துகினு இருந்தேன். கண்ண மூடப் போச்சும்மா. நீ கத்தின, எய்ந்து ஓடிடுச்சு."

கார்ல் என்னைத் திட்டவில்லை. மதியம் இரண்டு மணி வரை யாரும் உள்ளே போகக் கூடாது, மான் மறுபடி படுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். சட்டப்படி ஒன்றும் ஆகாது என்றார். ஆனால் முதல் மானை இப்படி விட்டவர்கள் பலர் அதற்குப் பிறகு வில்லைத் தொடுவதில்லை என்று, மலருக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

மூன்று மணி நேரத்துக்கு மேல் நானும் அவளும் காரில் இருந்தோம். அவள் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு எதிரேயிருந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பாவிடம்கூடச் சொல்லாததை அன்று அவளிடம் சொன்னேன். டோக்கன், ஜன்னல், ஈரத்துண்டு எல்லாவற்றையும். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவள் கேட்டது ஒன்றுதான்.

"அவரத் தேடித்தான் உள்ள போனாங்கன்னு அந்த டெல்லி மாமாக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அவருக்கும் சொல்லலியா?"

இரண்டு மணிக்கு மூவரும் உள்ளே போனோம். ரத்தத்தைப் பின்தொடர்வதற்கு இவர்களிடம் ஒரு முறை இருக்கிறது. கடைசியாகக் கண்ணில் பட்ட துளியருகே ஒருவர் நகராமல் நிற்க வேண்டும். மற்றவர்கள் முன்னே போய் அடுத்த துளியைத் தேடுவார்கள். தடம் தவறினால் நிற்கிறவரிடம் திரும்பி வந்து மீண்டும் தொடங்குவார்கள். நிற்கிறவர் நகர்ந்துவிட்டால், எங்கே விட்டோம் என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும். கார்ல் என்னை நிறுத்தினார். ஒரு மேப்பிள் இலையின் மேல் மிளகளவு கரும்பொட்டு. "இது உங்கள் இடம்" என்றார்.

இருவரும் புதருக்கு அப்பால் மறைந்தார்கள். நான் நின்றேன். கத்தவில்லை. குளிரில் கால் மரத்தது. எண்ணூரிலும் இந்தக் காட்டிலும் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பதை மாற்றி மாற்றி யோசித்தேன். அங்கே வாய் திறந்திருக்க வேண்டும், இங்கே மூடியிருக்க வேண்டும். இரண்டு ஊரிலும் நான் எதிர்மாறாகவே செய்திருந்தேன். இரண்டு முறை மலர் தடம் தவறித் திரும்பி வந்தாள். என்னையும் என் காலடியையும் பார்த்துவிட்டு, வேறு பக்கமாகப் போனாள்.

வெளிச்சம் சாய்ந்துகொண்டிருந்தபோது மூன்றாவது முறையாக வந்தாள். முழங்கை வரை ரத்தம். அழுதிருந்தாள்.

"கெடச்சிடுச்சும்மா. ஓடையாண்ட கீது. செத்துப்போச்சு." என் காலடியில் கிடந்த இலையைக் குனிந்து பார்த்தாள். "நீ இனிமே நவுரலாம்."