கல்லீரலில் இருந்த கோபம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் யாரிடம் வேண்டுமானாலும் எகிறுவேன். அங்கே என்னைப் பிடித்து இழுக்க நாலு பேர் இருந்தார்கள். ரயில்வே குவார்ட்டர்ஸில் மனைவியும் ஆறாவது படித்த மகளும் மட்டும்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் மனைவி குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

“இன்னொரு தடவ பொண்ணு மேல கை நீட்டுனீங்கன்னா, அவளக் கூட்டிக்கிட்டு எடமலைப்பட்டி புதூருக்கு, எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வர மாட்டேன்.”

கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். பயந்துவிட்டேன்.

புத்தூரில் ஒரு டாக்டர் சீன வைத்தியம் பார்த்தார். மருந்து கிடையாது, வெறும் ஊசி. இரண்டு கையிலும் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார்.

“கோபம் உங்க குணம் இல்லீங்க. கல்லீரல்ல சக்தி ஓடாம முட்டிக்கிட்டு நிக்குது” என்றார்.

என் குணம் இல்லை என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். அதற்காகவே நம்பினேன். கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே, சற்று மேலே, ஊசி குத்தினார்.

“கோபம் வர்றப்ப இந்த எடத்த அழுத்திப் பிடிங்க. மூச்ச மெதுவா விடுங்க.”

ஒர்க்‌ஷாப்பில் ஷூவைக் கழற்றிவிட்டுக் காலை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கூட வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் கோபம் உண்மையிலேயே இறங்கியது. வெட்கத்தில் வீட்டில் சொல்லவில்லை. முழுசாகக் குணமானதும் அவர்களுக்கே தெரியட்டும் என்று இருந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறேன், என் டிரான்சிஸ்டர் தரையில் இரண்டாக உடைந்து கிடக்கிறது. பக்கத்தில் மகள். சுர்ரென்று ஏறியது. உடனே டாக்டர் சொன்ன இடத்தை அழுத்தக் குனிந்தேன். செருப்பின் வார் சரியாக அதன் மேல் இருந்தது. அவசரமாகச் செருப்பைக் கழற்றினேன்.

மகள் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டாள்.

அவளை எதால் அடிப்பேன் என்று இதுவரை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். செருப்பால்தான்.

மனைவி ஓடிவந்து நடுவில் நின்றாள். செருப்பைக் கீழே போட்டேன். வாசற்படியிலேயே உட்கார்ந்து காலை அமுக்கினேன், மூச்சை விட்டேன்.

“அடிக்க இல்லம்மா. கோபம் வந்தா கால அமுக்கணும்னு டாக்டர் சொன்னாரு, அதுக்குத்தான் கழட்டினேன். அப்பா அடிக்க மாட்டேன்.”

“சரிப்பா” என்றாள். தலையிலிருந்து கைகளை எடுக்கவில்லை.

மனைவி நான் சொன்னதை நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கைகளை. மறுநாள் காலையில் இருவரையும் எடமலைப்பட்டி புதூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். எனக்குக் கோபம் வரவேயில்லை.