எங்கள் சானலின் அனுமதிக் கடிதம்

கேரள மலையில், வண்டன்மேட்டில் நான் நடத்தும் கேபிள் சானல் சிறியதுதான். ஒரு அறை, ஒரு கேமரா. எடிட்டரும் எடுபிடியும் நானே. ஆனால் மாதா கோவில் திருவிழாவை நான் காட்டும்போது ஏலத்தோட்டத்துத் தமிழ் வீடுகளில் வேறு எந்தச் சானலும் எடுபடாது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே கிடையாது.

குவைத்தில் வீட்டு வேலை செய்யும் என் தங்கைக்காகப் போன வருடம் சப்பரப் பவனியை இணையத்திலும் விட்டேன். பேண்டு செட்டுக்காரர்கள் வழக்கம்போல சினிமாப் பாட்டை எடுத்தார்கள். எங்கள் ஊரில் மாதா அதைக் கேட்டுத்தான் தெருவுக்கே வருவாள். பாதிப் பாட்டில் ஒளிபரப்பு நின்றது. உரிமை மீறல் என்று திரையில் ஒரு வரி. தங்கை அழுதாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

கட்டப்பனை வக்கீலிடம் போனேன்.

"கேபிள்ல காட்டுற அனுமதி வேற, இன்டர்நெட்டுக்கு வேற. ஒவ்வொரு பாட்டுக்கும் உரிமைக்காரங்க கையெழுத்து வேணும்" என்றார்.

கையெழுத்துக் கேட்டு எழுதிய கடிதம் ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

இந்த வருடத் திருவிழாவில் தங்கை மகளுக்குப் புதுநன்மை, முதல்முறை நற்கருணை வாங்கும் நாள். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வருவது. தங்கைக்கு லீவு கிடைக்கவில்லை. பேண்டு மாஸ்டரிடம் சினிமாப் பாட்டு கூடாது என்றேன்.

"பெறகு சப்பரத்த எப்பிடி அண்ணாச்சி நகத்த?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கும் அக்கா ஒருவர் சொந்தமாகக் கட்டிய மாதா பாட்டு ஒன்று உண்டு. ஜெபக் கூட்டத்தில் எல்லோரும் பாடுவோம். முனகிக்கொண்டே மாஸ்டர் அதைப் பழகினார். நான் அக்காவிடம் அனுமதிக் கடிதத்தை நீட்டினேன்.

"எம் பாட்டுக்கு எங்கிட்டயே எதுக்குத் தம்பி கையெழுத்து?"

"சட்டம்க்கா" என்றேன் வக்கீல் தோரணையில்.

'உரிமையாளர்' என்ற சொல்லுக்குக் கீழே நிறுத்தி நிதானமாகத் தன் பெயரை எழுதினார். பிறகு தாளைத் தூக்கிப் பிடித்து முழுவதையும் வாசித்தார்.

பூசை முதல் பவனி வரை இணைய ஒளிபரப்பு ஒரு நொடிகூட நிற்கவில்லை. முடிந்ததும் தங்கை போன் செய்தாள்.

"புள்ள நன்மை வாங்குனத முழுசாப் பாத்தேண்ணே. இங்க கூட இருக்கவக எல்லாம் கேட்டாக, இது எந்தப் படத்துப் பாட்டுன்னு."

"என்ன சொன்ன?"

"எங்க தோட்டத்துப் பாட்டுன்னேன்."