குத்தூசி பிரித்த மெத்தை

அம்மா வேலையிலிருந்து வந்ததும் வாசலிலேயே மேல்சட்டையைக் கழற்றுவாள். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிச் சுவரில் மூன்று அடி அடிப்பாள். பைகளை இழுத்து வெளியே விட்டு ஊதுவாள். அப்புறம்தான் உள்ளே கால் வைப்பாள். விருந்தாளி காத்திருந்தாலும் சரி, அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, மூன்று அடி மூன்று அடிதான். மகளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தச் சத்தம் கேட்டால் அம்மா வந்துவிட்டாள் என்று அர்த்தம்.

அம்மாவுக்குக் குஷன் கடையில் வேலை. பழைய சோபாவின் தோலை உரித்து, உள்ளே இருப்பதைக் குடலோடு அள்ளிப் போட்டு, புதிதாக அடைத்துத் தைக்க வேண்டும். கடையில் அவளுக்குக் குத்தூசி என்று பெயர். கையிலிருக்கும் ஊசிக்காக வைத்தார்களா, வாய்க்காக வைத்தார்களா என்று யாரும் அவளிடம் கேட்டதில்லை. கேட்கிற துணிச்சல் முதலாளிக்கே கிடையாது.

மகளுக்கு எட்டு வயதில் தும்மல் தொடங்கியது. காலையில் கண் விழித்ததும் பத்து, பதினைந்து என்று வரிசையாக வரும். கண் சிவந்து மூக்கு ஒழுகும். சில நாள் நெஞ்சுக்குள் விசிலடிக்கும். மருத்துவர் பரிசோதித்துவிட்டு, "தூசி ஒத்துக்கல. படுக்கையைச் சுத்தமா வைங்க" என்றார். அம்மா அன்றிலிருந்து விரிப்பைத் தினமும் துவைத்தாள். தும்மல் அசையவில்லை.

அப்பாவின் அக்கா வாரம் ஒருமுறை வருவாள். வந்தால் உட்காரும் முன்னே ஆரம்பித்துவிடுவாள்.

"நாள் பூரா தூசியில புரள்றவ வீட்டுல பிள்ளை தும்மாம பாட்டா பாடும்?"

அப்பா சண்டைக்காரர் அல்ல, அதுதான் சிக்கல். "அக்கா சொல்றதுலயும் நியாயம் இருக்கு. பள்ளிக்கூட லீவு முடியற வரைக்கும் பாப்போம். குறையலேன்னா வேலையை விட்டுடு" என்றார்.

"கையை வெட்டிக்கச் சொல்லுங்க, யோசிக்கறேன். வேலையை விடச் சொல்லாதீங்க" என்றாள் அம்மா.

நாலு ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்ந்து இரண்டு பெரிய சோபாக்களை முடித்துக் கொடுத்து, காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்றை வாங்கி வந்தாள். மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் அது நீல விளக்கோடு உறுமிக்கொண்டு நின்றது. "நல்லா சாப்பிடுடா ராசா, ஒரு பொட்டுத் தூசி மிச்சம் வைக்காதே" என்று அம்மா அதன் தலையில் தட்டிவிட்டு வேலைக்குப் போவாள். இரண்டு வாரம் போனது. பதினைந்து தும்மல் பன்னிரண்டு ஆனது. லீவு முடிய இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

அம்மா மெஷினைப் பிள்ளையைப் போல இடுப்பில் தூக்கிக்கொண்டாள். மகளையும் கூட்டிக்கொண்டு அதை வாங்கிய கடைக்குப் போனாள். விற்றவர் கயிறு கட்டிய கண்ணாடியை மார்பில் தொங்கவிட்டிருந்தார். கடையில் கூட்டம்.

"இந்தாங்க உங்க காத்தாடி. ஏமாத்தறதுக்கு ஒரு அளவு வேணாமா?"

"கத்தாதீங்கம்மா. கதவு ஜன்னல் சாத்திட்டுத்தானே போட்டீங்க?"

"சாத்தினேன். இவ மூக்கு மட்டும்தான் தொறந்திருக்கு."

யாரோ சிரித்தார்கள். கண்ணாடிக்காரர் மெஷினைத் திறந்து வடிகட்டியைப் பார்த்தார். "பாருங்க, பிடிச்சிருக்கு. ஆனா காத்துல பறக்கறதைத்தான் இது பிடிக்கும். ஒரு இடத்துல கிடக்கறதை எந்திரிச்சுப் போயா பிடிக்கும்? பாப்பா எதுல படுக்குது?"

"என் கையால தைச்ச மெத்தையில."

"அதுக்குள்ள என்ன போட்டீங்க?"

அம்மா வாயைத் திறந்தாள். மூடினாள். பிறகு முன்னைவிடச் சத்தமாக, "நீ ஒரு ஏமாத்துக்காரன்!" என்று கத்திவிட்டு மெஷினையும் மகளையும் அள்ளிக்கொண்டு வெளியேறினாள். வாங்க வந்த இரண்டு பேரும் அவள் பின்னாலேயே நழுவினார்கள்.

வழியெல்லாம் அவள் பேசவில்லை. அம்மா பேசாமல் நடந்து மகள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்ததும் மெத்தையை வாசலுக்கு இழுத்துப் போட்டாள். மகளை எட்ட நிற்கச் சொல்லி, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, கத்தியால் தையலைப் பிரித்தாள். மேலே பூப்போட்ட புதுத் துணி. உள்ளே, ஊரார் சோபாக்களிலிருந்து பிடுங்கிய பழைய பஞ்சு. நன்றாக இருக்கிறதே, எறிய மனம் வரவில்லை என்று மகளின் ஏழாவது பிறந்தநாளுக்கு அடைத்துத் தைத்தது. பத்து வீட்டுத் தூசி, இருபது வருஷத் தூசி. வாசலில் மூன்று அடி அடித்து வெளியே துரத்திய அதே தூசியை அவளே பொதிந்து மகளின் மூக்குக்கு அடியில் விரித்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து அத்தை வந்தாள். பஞ்சுக் குவியலைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"நான் சொன்னேன்ல? எல்லாம் உன் வேலையால வந்ததுதான்!"

மறைத்திருக்கலாம். எலி கடித்துவிட்டது என்று ஒரு பொய் போதும். அம்மா நிமிர்ந்தாள்.

"ஆமா அண்ணி. என் வேலையாலதான் வந்துச்சு. என் வேலையாலதான் போகப்போகுது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, புடவையில ஒட்டிக்கும்."

புது ஸ்பாஞ்சு வாங்கினாள். நெருக்கமாக நெய்த துணியில், ஊசித் துளைகூடத் தெரியாத இரட்டைத் தையலில், ஜிப் வைத்து உறை தைத்தாள். தலையணைக்கும் அப்படியே. விரிப்புகள் வாரம் ஒருமுறை கொதிக்கிற வெந்நீரில் வெந்தன. லீவு முடியும்போது பன்னிரண்டு, நாலு ஆகியிருந்தது. பள்ளி திறந்த அன்று அம்மா எல்லோருக்கும் முன்னால் கிளம்பி வேலைக்குப் போனாள். அப்பா சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் கொடுத்தார்.

பிறகு ஒரு வாரம் மெஷினை நிறுத்திப் பார்த்தாள். நாலு, ஆறாகியது. மறுபேச்சில்லாமல் மறுபடி போட்டாள். அதுவும் ஒத்தாசைதான் செய்தது. மெத்தையின் வேலையையும் சேர்த்து அதன் தலையில் கட்டியதுதான் தப்பு. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் அதன் முன்வலையை மட்டும் மென்மையாகத் துடைத்து வைப்பாள்.

மகள் இப்போது பட்டம் வாங்கிவிட்டாள், அந்த வீட்டில் முதல் ஆளாக. வடிகட்டி மாற்ற அவள்தான் அந்தக் கடைக்குப் போகிறாள். அம்மா அந்தத் தெருவில் எதிர்ப்பக்கமாகத்தான் நடப்பாள்.

"பாப்பா, மூச்சு எப்படி இருக்கு?" என்பார் கண்ணாடிக்காரர். "அம்மா கோவம் தீர்ந்துச்சா?"

அம்மா மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லிவிடலாமா என்று ஒவ்வொரு முறையும் மகளின் நாக்கு நுனி வரை வரும். அம்மா சொல்ல வேண்டியதைத் தான் சொன்னால் அது யாருடைய மன்னிப்பு? வெறும் சிரிப்போடு திரும்பிவிடுவாள்.

"ஒரு வார்த்தைதானேம்மா?" என்று வீட்டில் கேட்டுப் பார்த்தாள்.

"சொல்லணும்தான். யாரு இல்லேன்னா?"

"அவர் உக்கார்ற நாற்காலியில குஷன் கிழிஞ்சு தொங்குது."

"தெரியும். பதினெட்டுக்குப் பதினெட்டு" என்றாள் அம்மா. எதிர்ப்பக்கத்திலிருந்தே கண்ணால் அளவெடுத்திருக்கிறாள்.

அது போன வருஷம். கண்ணாடிக்காரர் இன்னும் அந்தக் கிழிசல் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்.