என் கம்பு, என் கை

முப்பத்தெட்டுப் படிகள். லிஃப்ட் கிடையாது.

பெங்களூர் சிவாஜிநகரில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருக்கிறது அந்தத் தூண்டில் கடை. ஏறி முடித்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் ஃபாரூக் பாய் ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

"ஒக்காருங்க சார். எந்தத் தண்ணிக்கு வேணும்? ஏரியா, டேமா?"

"கடல்."

ஃபாரூக் பாய் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். பஸ் தெரிந்தது. ஆட்டோ தெரிந்தது. கடல் தெரியவில்லை. இந்த ஊரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலைப் பார்க்க முன்னூறு கிலோமீட்டருக்குக் குறையாது.

"கடல்... அச்சா. கரையிலேந்து வீசறதா, போட்லயா?"

"போட்ல. ட்ரோலிங்."

எழுபத்திரண்டு வயதில் எனக்கு எதற்கு இந்த வேலை? கேட்கத்தான் கேட்பீர்கள். என் மனைவி ஸ்டெல்லா அந்த வாரம் மட்டும் பதினான்கு தடவை கேட்டாள்.

காரணம், என் சம்பந்தி.

மகளைத் தூத்துக்குடியில் கொடுத்திருக்கிறேன். சம்பந்தி மரியதாஸுக்கு என் வயதுதான். ஆனால் கழுத்து எருமைக் கழுத்து. சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வைத்திருக்கிறார். போன கிறிஸ்மஸ் சாப்பாட்டில், பதினாறு பேர் உட்கார்ந்திருந்த மேஜையில், நான் வஞ்சிரத் துண்டைக் கையில் எடுத்த நேரம் பார்த்துச் சொன்னார்.

"பெங்களூர்க்காரவிய மீன ஐஸ்லதான் பாத்திருப்பீய. உசுரோட பாத்திருக்கவா போறீய சம்பந்தி?"

பதினைந்து பேர் சிரித்தார்கள். ஸ்டெல்லாவும் சிரித்தாள். அதை நான் தனியாகக் குறித்துக்கொண்டேன்.

"பார்க்கிறது என்ன, பிடிச்சே காட்டறேன்" என்றேன்.

"யாரு கம்பு? யாரு கையி?"

"என் கம்பு. என் கை."

சொல்லிவிட்டேன். வாய் இருக்கிறதே... அதற்கு முதுகுவலி, முழங்கால் வலி எதுவும் வருவதில்லை.

ட்ரோலிங் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. படகு மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கும். பின்னால் அறுபது, எழுபது மீட்டர் தள்ளி ஒரு பொய்மீன் நூலில் கட்டுண்டு நீந்தி வரும். நிஜமீன் அதைத் துரத்தி வந்து கவ்வும். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே செய்யலாம். அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு டேவிட்டிடம் சொன்னபோது அவர் முழித்தார். "ட்ரோலிங்னா, பசங்க போன்ல ஒருத்தன வச்சு ஓட்டுவானுங்களே, அதுதானே?"

"அதேதான். இங்கே படகை நாம் ஓட்டுவோம். நம்மை மீன் ஓட்டும்."

கடைக்கு வருகிறேன். எனக்கு முன்னால் ஒருவர் வாங்கிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. கையில் நூல் சுற்றுகிற ஒரு ரீல்.

"இதுல எத்தன பேரிங்?"

"பதிமூணு சார்."

"பதினஞ்சு இருக்கறது?"

"இருக்கு."

"அது குடுங்க."

எடுத்துக்கொண்டார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? எந்தக் கடலுக்குத் தம்பி என்று கேட்டேன்.

"கடல் இல்ல அங்கிள். எங்க லேஅவுட்ல ஒரு பாண்ட் இருக்கு. புடிச்சு, போட்டோ எடுத்து, திரும்ப விட்டுடுவோம்."

அந்தக் குளத்து மீன்களை நினைத்துப் பார்த்தேன். கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவற்றுக்கே தெரிந்திருக்கும்.

நம் ஊருக்கு இது ஒரு வியாதி. எதை வாங்கினாலும் அதில் பெரிய எண் எது என்று பார்த்து வாங்குவது. ஃபோனா? கேமரா எத்தனை மெகாபிக்ஸல்? எடுக்கிற படம் என்னவோ மதியச் சாப்பாடு. ஃப்ளாட்டா? எத்தனை சதுர அடி? அதில் பாதி, லிஃப்டுக்கும் படிக்கும் போயிருக்கும். பூங்காவில் நடக்கிறவர்கள் வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் கேட்டுக்கு முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார்கள். என்னவென்றால், இன்னும் இருநூறு ஸ்டெப் பாக்கியாம்! எண் நிறைந்தால் மனம் நிறைந்துவிடுகிறது. நான் வாங்குவதற்கு முன் இன்டர்நெட்டில் விமர்சனங்கள் படித்தேன். நாற்பத்தோரு விமர்சனம். ஒரு கம்புக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தவர் எழுதியிருந்தார்: 'பேக்கிங் சூப்பர். இன்னும் பிரிக்கவில்லை.'

இப்படிப்பட்ட ஜனங்களைப் பார்த்துச் சிரிக்கிற தகுதி எனக்கு உண்டு என்று அன்றைக்கு மாடியில் உட்கார்ந்து நம்பிக்கொண்டிருந்தேன்.

கம்பு விஷயத்தில் சண்டை இல்லை. ஃபாரூக் பாய் எடுத்துக் கொடுத்ததையே வாங்கினேன். ஆறரை அடி. நுனி வளைந்து கொடுக்கும், அடி அசையாது. "நுனி வளையலேன்னா மீன் கடிச்ச ஒடனே அதோட வாய் கிழிஞ்சிடும் சார். அடி வளைஞ்சா, ஒங்க இடுப்பு போயிடும்." நூல் ஓடுகிற வளையங்கள் எட்டு. நானே எண்ணிக்கொண்டேன்.

ரீலில்தான் வந்தது வினை.

அவர் இரண்டு ரீல்களைக் கண்ணாடி மேல் வைத்தார். ஒன்றின் பெட்டியில் 4.1 : 1 என்று போட்டிருந்தது. இன்னொன்றில் 6.3 : 1. கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் நூல் உருளை அத்தனை சுற்று சுற்றும் என்று அர்த்தம். சோதித்துப் பார்த்தேன். உருளையில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, பத்துச் சுற்று சுற்றினேன். அறுபத்து மூன்று! பெட்டியில் போட்டிருப்பது உண்மையாக இருக்கிற பொருளை இந்தக் காலத்தில் பார்க்க முடிகிறதா?

"இது போதும் சார் ஒங்களுக்கு" என்று 4.1-ஐ என் பக்கம் நகர்த்தினார் ஃபாரூக் பாய்.

போதும். ஒங்களுக்கு. இரண்டு வார்த்தை. இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

"ஏன்? இதுல ஒரு சுத்துக்கு நூல் கம்மியா வருது. அதுல ஒண்ணரை மடங்கு வருது. சுத்தற வேலை மிச்சம்தானே?"

"வேல மிச்சம் இல்ல சார். சைக்கிள்ல மேடு ஏறும்போது எந்த கியர் போடுவீங்க?"

"நான் சைக்கிள் ஓட்டி நாற்பது வருஷம் ஆச்சு."

"அதான் சார் கேக்கறேன்."

அவர் பொறுமையாகச் சொன்னார். ட்ரோலிங்கில் கனமான மீன் எதிர்ப்பக்கம் இழுக்கும். சிறிய எண் என்றால் மெதுவாக வரும், ஆனால் கைக்கு பலம் கிடைக்கும். பெரிய எண் என்றால் வேகம். ஆனால் மணிக்கட்டுதான் பதில் சொல்ல வேண்டும்.

முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் விகிதம் சொல்லிக்கொடுத்தவன் நான். விகிதத்தில் பெரியது, சிறியது என்று பார்க்கக் கூடாது, எதற்கு எது என்று பார்க்க வேண்டும் என்று எத்தனை பையன்களை பெஞ்ச் மேல் ஏற்றியிருப்பேன்!

6.3-ஐ வாங்கிக்கொண்டு படி இறங்கினேன். முப்பத்தெட்டு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் காக்ஸ் டவுனில் எங்கள் தெருவிலேயே ஒத்திகை. ட்ரோலிங் படகின் வேகம் மணிக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர். பெங்களூரில் வண்டிகளின் வேகமும் அதுதான். ட்ரோலிங் பழகுவதற்கு இந்த ஊரைப் போல் வேறு ஊர் கிடையாது... கடல் ஒன்றுதான் குறை.

டேவிட்டின் ஸ்கூட்டர் கேரியரில் நூலைக் கட்டினேன். பெட்டி தூக்கிப் பார்க்கிற கைத்தராசை நடுவில் மாட்டி, நாலு கிலோ இழுத்தால் ரீல் நூலை விட்டுக்கொடுக்கும்படி அதன் திருகாணியை முடுக்கி வைத்தேன். நூல் தாங்குகிற எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. இதெல்லாம் சரியாகவே செய்தேன்.

"நான் மீன் மாதிரி போணுமா, மாமூலா போணுமா?" என்றார் டேவிட்.

"மாமூலா போங்க."

போனார். ரீல் கிர்ரென்று கத்தியது. மூன்றாவது வேகத்தடையில் ஒரு மாடு நின்றது. டேவிட் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, பின்பக்கமாகவே உருட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். நான் சுற்றினேன். அடடா! நூல் பறந்து வந்தது. கை நோகவே இல்லை.

"பாத்தியா, எப்படி வருது!" என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

"ஸ்கூட்டர் அதுவா வருது. நீங்க சும்மா சுத்தறீங்க" என்றாள்.

இதைத்தான் ஃபாரூக் பாயும் வேறு வார்த்தையில் சொல்லியிருந்தார். இரண்டு பேர் சொல்லியும் ஏறவில்லை.

தூத்துக்குடி ரயிலில் கம்பைப் பார்த்து என்ன சார் இது என்று கேட்டவர்கள் ஒன்பது பேர். அதில் நாலு பேர் திரைச்சீலைக் கம்பி என்றே முடிவு செய்துவிட்டார்கள். நானும் மறுக்கவில்லை.

விடிந்து ஒரு மணி நேரத்தில் கடலில் இருந்தோம். நான், சம்பந்தி, படகு ஓட்ட ஒருவர். சம்பந்தி ரீலைக் கையில் வாங்கி, கைப்பிடியை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த மௌனத்தை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஒன்றரை மணி நேரம். பதினேழு படகு கடந்து போயிற்று. திடீரென்று கம்பு வளைந்தது. ரீல் அலறியது. நூல் ஓடுகிறது, ஓடுகிறது... டேவிட்டின் ஸ்கூட்டர் இப்படி ஒருநாளும் ஓடியதில்லை.

"சீலா! சம்பந்தி, சீலா!" என்று கத்தினார் மரியதாஸ். வஞ்சிரத்துக்கு அங்கே அதுதான் பெயர்.

ஓட்டம் நின்றது. சுற்ற ஆரம்பித்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது சுற்றில் மணிக்கட்டில் யாரோ ஆணி வைத்தார்கள். ஏழாவதில் அடித்தார்கள். பதினொன்று. பன்னிரண்டாவதற்குக் கைப்பிடி மேலே வரை வந்து, அப்படியே நின்றுவிட்டது. என் கை இருக்கிறது, கைப்பிடி இருக்கிறது. நடுவில் பலம் என்று ஒன்று இருக்க வேண்டுமே... அதைக் காணோம்.

"குடுங்க சம்பந்தி."

"என் கம்பு. என் கை."

"கம்பு ஒங்களது. கையி ஒங்களது. மீனு யாருது? அது பாட்டுக்குப் போயிரும்லா!"

நான் விடவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. உப்புக்காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினாறு பேர் மேஜை தெரிந்தது. ஸ்டெல்லாவின் சிரிப்பு தெரிந்தது.

மரியதாஸ் கம்பைப் பிடுங்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் விரல்களை ஒவ்வொன்றாகக் கைப்பிடியிலிருந்து எடுத்தார்.

"நீங்க கம்ப ரெண்டு கையால பிடிங்க. மெல்ல தூக்குங்க. ம்... இப்ப எறக்குங்க. எறக்கும்போது நான் சுத்துதேன்."

தூக்கினேன். இறக்கினேன். அவர் சுற்றினார். தூக்கினேன். இறக்கினேன். என் உதடு அசைவதை அவர் பார்த்துவிட்டார்.

"என்ன, ஜெவமா?"

"எண்ணறேன்."

"இப்பயுமா எண்ணுதீய!"

அறுபத்தேழாவது சுற்றில் மீன் படகுக்குப் பக்கம் வந்தது. வெள்ளி முதுகு. படகோட்டி கொக்கி போட்டு ஏற்றினார். என் கைத்தராசில் ஐந்தரை கிலோ காட்டியது. உயிரோடு இருந்தது. பார்த்தேன்.

மரியதாஸ் படகோட்டியைப் பார்த்து, "லேய், நீ ஒண்ணும் பாக்கல" என்றார்.

மதியம் அதே மேஜை. பதினாலு பேர்தான், இரண்டு பேர் குறைவு. மரியதாஸ் எழுந்து நின்று அறிவித்தார். "எங்க சம்பந்தி ஒத்த ஆளா சுத்தி ஏத்திட்டாருல்லா! நான் சும்மா ஒக்காந்து வேடிக்கதான் பாத்தேன்."

கை தட்டினார்கள். நடுத்துண்டு என் தட்டில் விழுந்தது. மகள் முகத்தில் அவ்வளவு பெருமை. ஸ்டெல்லா மட்டும் என் மணிக்கட்டைப் பார்த்தாள். அது இட்லி அளவுக்கு வீங்கியிருந்தது. நான் இடது கையால் தண்ணீர் குடித்தேன்.

மனிதர் என்னைக் கேலி செய்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். கைவசம் சரக்கு இருந்தது. ஆனால் இப்படி ஒருவர் நம் மானத்தைத் தூக்கி நம் தட்டிலேயே வைத்தால், அதை எந்தப் பக்கத்திலிருந்து பிட்டுச் சாப்பிடுவது? அந்தத் துண்டில் பதினேழு முள் இருந்தது. எல்லாமே தொண்டைக்கு வந்தது.

ஊர் திரும்பி ஒரு வாரம் தூக்கம் சரியில்லை. கடைசியில் அவருக்கு ஃபோன் செய்தேன்.

"சம்பந்தி, பத்திரிகையில நான் எழுதற பத்தியில உண்மையை எழுதிடப் போறேன்."

"எதுக்கு? விடுங்க. யாரு கேட்டா?"

"யாரும் கேக்கலை. மொத்தம் அறுபத்தேழு சுத்து. என்னுது பதினொண்ணு. மீதி அம்பத்தாறு உங்களுது. மகள் படிக்கட்டும்."

மனிதர் நெகிழ்ந்துவிடுவார் என்று நினைத்தேன்.

"அம்பத்தாறா?" என்றார் மரியதாஸ். "அறுவதுக்குக் கொறையாது சம்பந்தி. நாந்தான சுத்துனேன், எனக்குத் தெரியாதா?"

"அம்பத்தாறு."

"அறுவது."

இருபது நிமிடம் பேசினோம். ஃபாரூக் பாயிடம் போய் 4.1-ஐ வாங்க வேண்டும். அடுத்த முறை அத்தனை சுற்றையும் நானே சுற்ற வேண்டும்.

அந்த மனிதருக்கு எண்ணத் தெரியவில்லை.